முதல் ரீமிக்ஸுக்கு "சூப்பர்டா தம்பி" மட்டும் போதாது

புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பெடியன் ஒருவன், ஏ.எல். படிக்கிறவன், தன் முதல் ரீமிக்ஸைப் போன கிழமை இங்கே போட்டிருந்தான். சூப்பர் மரியோ கேமின் இசையோடு உடுக்கும் பறையும் சேர்த்துச் செய்தது. "எங்க பிழை இருக்கு எண்டு சொல்லுங்கோ" என்றுதான் கேட்டிருந்தான். வந்த பதில்களில் பாதி "சூப்பர்டா தம்பி". மீதி "போய்ப் படிக்கிற அலுவலைப் பார்". பாட்டைப் பற்றி ஒருவர்கூட ஒரு வசனம் எழுதவில்லை.

எனக்கு இது பெரிய மனவருத்தம். முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவதில்லை. பாட்டை இடையில் நிறுத்துவார். "இதில இழுக்கிறாய், மத்தளத்துக்குப் பிந்திறாய்" என்று சொல்லி அந்த அடியையே திரும்பப் பாடவைப்பார். அப்படிச் சொல்லிக்கொடுத்த ஊர், கொம்பியூட்டரில் செய்த இசை என்றவுடன் ஏன் வாயை மூடிக்கொள்கிறது?

நான் ஒலி, ஒளி அமைப்பு வேலை செய்கிறவன். ஹெட்செட்டைப் போட்டு முழுக்கக் கேட்டுவிட்டு அவனுக்கு எழுதினேன். முதலில் நல்லதைத்தான் சொன்னேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. மரியோ மெட்டின் தொடக்கத்தில் சுரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. அந்த இடைவெளிகளில் உடுக்கு பதில் சொல்கிறது. அது அவனுடைய சொந்த யோசனை. இனி என்ன மாற்றினாலும் அதில் கைவைக்காதே என்று எழுதினேன்.

அப்புறம் குறைகள். இசையமைப்பாளர் கோஜி கொண்டோ 1985இல் அந்த மரியோ இசையைச் செய்தபோது, கேம் மெஷினில் இருந்த ஒலிகள் மிகக் கொஞ்சம். மெட்டுக்கும் துணைக்கும் இரண்டு மின்னொலி, கீழ்ச்சுரத்துக்கு முக்கோண அலை என்ற மெல்லிய ஒலி ஒன்று, தாளத்துக்கு ஓர் இரைச்சல். அவ்வளவுதான். அதனால்தான் ஒவ்வொன்றும் துப்பரவாகக் கேட்கிறது. தம்பியின் பாட்டில் பறையின் கீழ் ஒலியும் பேஸும் (கீழ்ச்சுர இசை) ஒரே இடத்தில் முட்டுகின்றன. போனில் தெரியாது, பெரிய பொக்ஸில் போட்டால் குளறும். ஒன்றுக்கு அந்தக் கீழ் ஒலியை விட்டுக்கொடுத்து, மற்றதில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொன்னேன். சத்தம் உச்சத்தைத் தாண்டிக் கரகரக்கிறது. சத்தத்தின் உச்சத்தை அமுக்குகிற லிமிட்டரைப் போடாமல் எல்லாத் தடங்களையும் சேர்த்துக் குறைத்தாலே சரி.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கேம் இசை சுற்றிச் சுற்றி ஓடுவதற்கென்றே செய்யப்படுகிறது. விளையாடுகிறவன் எப்போது முடிப்பான் என்று அதற்குத் தெரியாது. சும்மா இருந்து கேட்கிறவனுக்கு அது காணாது. இரண்டாம் முறை அதே மெட்டு வரும்போது கை அடுத்த பாட்டுக்குப் போய்விடும். அந்த இடத்தில் மெட்டை நிறுத்தி உடுக்கைத் தனியே விட்டுப் பார், பிறகு மெட்டைக் கொண்டு வா என்றேன்.

"மற்றவன்ர பாட்டைக் கொத்திறது ஒரு கலையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 1989இல் கேம்போய் என்ற கைக் கேம் மெஷினில் வந்த டெட்ரிஸ் விளையாட்டின் பெயர்பெற்ற மெட்டே கொரொபெய்னிகி என்ற பழைய ரஷ்ய நாட்டுப்பாடல்தான் அண்ணை. ஓவர்குளொக்ட் ரீமிக்ஸ் என்ற அமைப்பு 1999இலிருந்து கேம் இசை ரீமிக்ஸ்களைச் சேர்த்து வருகிறது. அங்கே ஒரு பாட்டை ஏற்றாலும் மறுத்தாலும் நடுவர்கள் காரணத்தை எழுதுகிறார்கள். மறுக்கப்பட்டவன் அதைப் படித்துத் திருத்தி மறுபடி அனுப்பலாம். எங்கட பெடியளுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும்.

திருத்திய பாட்டை இந்த மாதமே போடுகிறானாம். தயவுசெய்து போனில் ஒருக்கா, ஹெட்செட்டில் ஒருக்கா கேளுங்கோ. எத்தனையாவது செக்கனில் என்ன பிடித்தது, எங்கே காது உளைந்தது என்று எழுதுங்கோ. இசை தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். "இந்த இடத்தில எனக்கு அலுத்துப்போச்சு" என்று எழுதினாலே அவன் அந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பான்.