பிசியில் 4995, ஊனோவில் 3

சி மொழியில் மாறிகளை யூஇன்ட்8, யூஇன்ட்16 (8 பிட், 16 பிட் முழு எண் வகைகள்) என்று அளவு குறிப்பிட்டு அறிவித்துவிட்டால், பிசியில் பாஸ் ஆகும் யூனிட் டெஸ்ட் (கோடின் சிறு பகுதியைத் தனியாகச் சோதிப்பது) சிப்பிலும் அதே விடையைத் தரும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்படி அறிவிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் விடை ஒன்றாகவே இருக்கும் என்பது சரியில்லை.

அந்த வகைகள் சேமிக்கும் இடத்தின் அகலத்தைத்தான் உறுதி செய்கின்றன. நடுவில் நடக்கும் கணக்கு எத்தனை பிட்டில் நடக்கும் என்பது இன்ட் என்ற வழக்கமான முழு எண் வகையின் அளவைப் பொறுத்தது. பிசியில் அது 32 பிட். அர்டுயினோ ஊனோ போர்டில் உள்ள ஏடிமெகா328பி சிப்புக்கு 16 பிட்.

நீங்களே பார்க்கலாம். யூஇன்ட்16 மாறி ஒன்றில் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) தரும் அளவு 1023-ஐப் போட்டு, 5000-ஆல் பெருக்கி 1024-ஆல் வகுத்து அச்சிடுங்கள். பிசியில் 4995 மில்லிவோல்ட் வரும். ஊனோவில் அதே வரி 3 என்று காட்டும்! பெருக்கல் விடை 51,15,000. அதில் கீழ் 16 பிட் மட்டும் தங்கி 3192 ஆகிவிடுகிறது, அப்புறம் 1024-ஆல் வகுத்தால் 3தான். 5000-க்குப் பின்னால் யூஎல் (குறைந்தது 32 பிட்டில் கணக்கிடச் சொல்லும் குறி) சேர்த்தால் இரண்டிலும் 4995. போர்டு கையில் இல்லாதவர்கள் சிம்ஏவிஆர் சிமுலேட்டரில் ஓட்டலாம்.

இதற்காக பிசி டெஸ்டைக் கைவிட வேண்டியதில்லை. கோடு எழுதும்போது அடிக்கடி ஓட்ட அதுதான் வசதி. வெளியிடுவதற்கு முன் அதே டெஸ்டுகளை ஊனோ சிப்புக்கான கம்பைலரான ஏவிஆர் ஜிசிசியில் கம்பைல் செய்து ஒருமுறை ஓட்டிவிடுங்கள். எஸ்டிஎம்32 வகை சிப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கணக்கு தப்பாது, அங்கேயும் இன்ட் 32 பிட்தான்.