கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்

அடையாளம் காட்டாத பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸியின் அச்சுப்படம் வாங்குபவர்கள் எடுத்த எடுப்பிலேயே பென்சில் கையெழுத்தைத்தான் தேடுகிறார்கள். அந்தப் படத்தில் போலி செய்ய மிக எளிதானதே அதுதான்.

'பலூன் சிறுமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-05இல் வந்த ஸ்கிரீன் பிரிண்ட். கையெழுத்திட்டவை 150, கையெழுத்தில்லாதவை 600. படம் ஒன்றுதான், விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஏமாற்றுபவன் படத்தை அச்சடிக்கவே வேண்டாம். கையெழுத்தில்லாத அசலை வாங்கிப் பென்சிலால் ஒரு கிறுக்கு கிறுக்கினால் போதும். ஓரத்தில் '212/600' போல எண்ணும் பக்கத்திலேயே கையெழுத்தும் இருந்தால், சான்றிதழைப் பார்க்காமல் ஓரடி எடுத்து வைக்காதீர்கள்.

அந்தச் சான்றிதழைத் தருவது 2008இல் பேங்க்ஸி தரப்பே தொடங்கிய 'பெஸ்ட் கண்ட்ரோல்' என்ற அமைப்பு மட்டும்தான். இளவரசி டயானா முகம் போட்டுப் பேங்க்ஸி அடித்த போலிப் பத்து பவுண்டு நோட்டு ஒன்றைக் கிழித்து, ஒரு பாதியைச் சான்றிதழில் இணைத்திருப்பார்கள். மறுபாதி அவர்களிடம். நோட்டில் கையால் எழுதிய எண்ணை மறுபாதியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். சான்றிதழின் புகைப்படத்தை மட்டும் விற்பவர் அனுப்பினால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். பெஸ்ட் கண்ட்ரோலிடம் உறுதி செய்து, உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விற்கும் கடையே அடித்துக் கொடுக்கும் சான்றிதழ் வெறும் காகிதம். சான்றிதழ் இல்லாத கையெழுத்துப் பிரதியைவிட, சான்றிதழோடு வரும் கையெழுத்தில்லாத பிரதியே மேல் என்பேன்.

பிறகு 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் மையைப் பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்டில் மை திட்டாக, காகிதத்தின் மேல் படலமாக நிற்கும். கல்யாணப் பத்திரிகையில் விரலுக்குத் தட்டுப்படுமே, அதுபோல. நான்கு நிறப் புள்ளிகள் பூப்போலக் கூடியிருந்தால் அது எந்திரத்தில் அடித்த ஆஃப்செட் நகல்.

'3/150' என்று சிறிய எண்ணுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். செம்புத் தகட்டு அச்சில் தகடு தேயும் என்பதால் முதல் பிரதிகளுக்கு மதிப்பு உண்டு. ஸ்கிரீன் 150 பிரதிகளில் தேயாது. எண்ணும் அச்சடித்த வரிசையில்தான் போடப்படும் என்பதில்லை.

வாங்கிய பின் பெரும்பாலான படங்கள் பாழாவது ஃபிரேம் கடையில். பசை தடவி அட்டையில் ஒட்டினாலோ, ஃபிரேமுக்காக ஓரத்தை வெட்டினாலோ மதிப்பு போயிற்று. அமிலமற்ற பருத்தி அட்டை, மேல்விளிம்பில் மட்டும் கோதுமைப் பசையில் ஒட்டிய இரண்டு ஜப்பானியக் காகிதத் துண்டுகள், கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு கேளுங்கள். அக்ரிலிக் படத்தைத் தொடக்கூடாது. ஈரப்பதத்தில் மை ஒட்டிக்கொள்ளும். காகிதத்தை ஒரு மூலையால் தூக்கினால் பிறை வடிவில் மடிப்பு விழும், அது போகவே போகாது. இரண்டு கைகளாலும் எதிரெதிர் ஓரங்களைப் பிடித்துத் தூக்குங்கள்.