முதலில் கவுன்சிலிங் போனது குடிக்காத நாங்கள்தான்

"கவுன்சிலிங்னா என்ன, எதிர்ல உட்கார வெச்சு நாலு நல்ல வார்த்தை சொல்வாங்க, அவ்வளவுதானே? அதைத்தான் பத்து வருஷமா வீட்டுல எல்லாரும் சொல்லிட்டு இருக்கோமே" என்று ஒரு தோழி உள்பெட்டியில் கேட்டிருந்தார். கணவர் குடிக்கிறார். இரண்டு முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தாயிற்று. இரண்டு முறையும் வெளியே வந்த சில வாரங்களில் பழையபடி ஆகிவிட்டது.

பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அவர் ஒருவருக்கு மட்டுமான பதிலாகவும் தெரியவில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன். என் அண்ணனிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் பதிகிறேன். ஒரு பத்தியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

அண்ணன் 11 வருடம் குடித்தார். இப்போது குடிக்காமல் மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஏழு மாதம் தாக்குப்பிடித்த ஒரு முயற்சி உடைந்தது, அதையும் சொல்கிறேன்.

கவுன்சிலிங் என்றால் புத்திமதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்களுக்கு முதலில் வாய்த்த ஆலோசகரும் அப்படித்தான். பத்து நிமிடத்தில் குடியின் தீமைகளை வரிசையாகச் சொல்லி முடித்து, எங்கள் முன்னாலேயே அண்ணனிடம், "இவ்வளவு நல்ல குடும்பத்தை வெச்சிக்கிட்டு இப்படிப் பண்ண வெட்கமா இல்லையா?" என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாங்கள் கேட்க நினைத்ததை வெளியாள் ஒருவர் கேட்டுவிட்டாரே! அன்று இரவு அண்ணன் வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்துவிட்டு வந்தார்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதை இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடிப் பிரச்சினை உள்ளவர்களிடம் ஆலோசகர் எந்த அளவுக்கு முட்டி மோதினாரோ, அந்த அளவுக்கு ஒரு வருடம் கழித்தும் அவர்கள் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். குடிப்பவர் மனதுக்குள் 'விட்டுவிடணும்' என்ற குரலும் இருக்கிறது, 'என்னால முடியாது, எனக்கு இது வேணும்' என்ற குரலும் இருக்கிறது. நாம் முதல் குரலை எடுத்துக்கொண்டு கத்தினால், அவருக்கு மிச்சம் இருப்பது இரண்டாவது மட்டும். நம்மோடு வாதாடி வாதாடி அதையே பலப்படுத்திக்கொள்கிறார்.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு பெண் ஆலோசகர். அண்ணனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "குடிக்கிறதுல உங்களுக்குக் கிடைக்கிற நல்லது என்ன?"

அண்ணன் இதை என்னிடம் பிறகு சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் 11 வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. தூக்கம் வருகிறது, மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கிறது என்று பதில் சொன்னாராம். அப்புறம் அவரே, கேட்காமலேயே, "ஆனா விடிகாலை மூணு மணிக்கு முழிப்பு வந்தா அந்தச் சத்தம் ரெண்டு மடங்கா வருது" என்றிருக்கிறார். குடியின் கெடுதலை அவர் வாயாலேயே சொன்னது அதுதான் முதல் தடவை. மில்லர் 1983இல் எழுதத் தொடங்கி, 1991இல் ஸ்டீபன் ரோல்நிக்கோடு சேர்ந்து புத்தகமாக்கிய முறை ஏறக்குறைய இதுதான். மாறுவதற்கான காரணத்தை நாம் சொல்லக்கூடாது, அவர் சொல்ல வேண்டும், அதை நாம் பொறுமையாகக் கேட்டு வாங்க வேண்டும். எளிதாகத் தெரியும். வீட்டில் செய்து பாருங்கள், மூன்றாவது நிமிடம் புத்திமதி வாய்வரை வந்துவிடும்.

அண்ணன் இந்த ஆலோசகரின் அறைக்குள் நுழைவதற்கு ஒன்பது வாரம் முன்பே நாங்கள் போக ஆரம்பித்திருந்தோம். என் தோழி குறிப்பாகப் படிக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான். "அவர் வர மாட்டேங்கிறார், என்ன செய்றது?" என்று நான் போனில் கேட்டதற்கு, "அவர் வர வேண்டாம், நீங்க வாங்க" என்றார் ஆலோசகர். அண்ணி முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. "குடிக்கிறது அவர், டாக்டரைப் பார்க்கிறது நானா தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆனால் குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்து, அதன் வழியாகக் குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவது சோதித்துப் பார்க்கப்பட்ட வழி. ராபர்ட் மேயர்ஸ் என்பவர் உருவாக்கியது. 1999இல் மில்லரும் மேயர்ஸும் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு மறுத்துக்கொண்டிருந்த குடிநோயாளிகளின் குடும்பத்தினர் 130 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். மேயர்ஸ் முறையில் பயின்றவர்களின் வீடுகளில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்து திடீரென்று எதிர்கொள்ளும் முறையில் 30 சதவீதம். அல்-அனான் வழியில் 13 சதவீதம். இதை வைத்து அல்-அனானைக் குறைத்துச் சொல்வது நியாயம் இல்லை. 1951இல் குடிநோயாளிகளின் குடும்பத்துக்கென்றே தொடங்கிய அந்த அமைப்பு, குடிப்பவரை இழுத்து வருவதை நோக்கமாக வைத்துக்கொண்டதே இல்லை. அண்ணி இன்றும் அந்தக் கூட்டங்களுக்குப் போகிறார்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவை சின்னச் சின்ன விஷயங்கள். போதையில் இருக்கும்போது எந்தப் பேச்சும் வேண்டாம், சண்டையும் வேண்டாம், கொஞ்சலும் வேண்டாம். குடிக்காத நேரத்தில் அவரோடு இருங்கள். இது எங்களுக்குத் தலைகீழாகப் பட்டது. அதுவரை அண்ணன் குடித்துவிட்டு வந்தால்தான் வீடு முழுக்க அவரைச் சுற்றி நின்றது. தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் அவரவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவோம். கவனித்துப் பார்த்தால் நாங்கள் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தது எதற்கு?

பேச்சையும் மாற்றி எழுதச் சொன்னார், உண்மையிலேயே காகிதத்தில். "எப்பப் பார்த்தாலும் குடி, உன்னால என் வாழ்க்கையே போச்சு" என்பது அண்ணியின் வழக்கமான வாக்கியம். அது, "நேத்து நீங்க வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் வரலை. இன்னைக்கு சாயங்காலம் குடிக்காம வந்தா நாம மூணு பேரும் வெளிய போகலாம்" என்று மாறியது. நாடகம் மாதிரி இருக்கிறது என்று அண்ணிக்கு ஒரே கூச்சம்.

எனக்குக் கிடைத்த பாடம் கடன். அண்ணன் வாங்கிய கடன்களை நான்தான் அடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வேலைக்குப் போகாத நாட்களில் அலுவலகத்துக்கு போன் செய்து, "காய்ச்சல்" என்று சொல்வதும் நான்தான். "நீங்க சொல்லலைன்னா என்ன ஆகும்?" என்று ஆலோசகர் கேட்டார். வேலை போய்விடும், மானம் போய்விடும் என்றேன். "யாருடைய மானம்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருந்தார். எனக்கு அன்று அவரைப் பிடிக்கவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் பொய் சொல்வதை நிறுத்தினேன். எச்சரிக்கைக் கடிதம் அண்ணன் கைக்கே வந்தது. ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் அடி உதை இருந்தால் இந்தப் பரிசோதனையெல்லாம் கிடையாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான். நல்ல ஆலோசகர் எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் விசாரிப்பார்.

அண்ணியின் கதை வேறு. வாசல் கதவின் தாழ்ப்பாள் திறக்கும் சத்தத்தை வைத்தே அன்று எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார். அதை ஒரு திறமை போலத்தான் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆலோசகர் அதைக் கேட்டதும் அண்ணியின் தூக்கம், தலைவலி, படபடப்பு என்று விசாரிக்க ஆரம்பித்தார். அன்றைய ஒரு மணி நேரத்தில் அண்ணனின் பேச்சே வரவில்லை. அம்மாவும் அப்படித்தான். அண்ணன் செருப்பைக் கழற்றும் முன்பே கிட்டே போய் மூச்சை மோந்து பார்ப்பார். சட்டைப் பையைத் துழாவுவார், அலமாரிக்குப் பின்னால் தேடுவார். பாட்டில் கிடைத்தாலும் அழுகை, கிடைக்காவிட்டால் இன்னும் பயம். அண்ணன் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா குடிப்பதற்குத் தான் சரியாகப் படிக்காததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை, அந்த அறையில்தான் சொன்னாள். நீ காரணம் இல்லை, இதைச் சரிசெய்வதும் உன் வேலை இல்லை என்று அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்பதாவது வாரம் ஒரு நாள், "நீங்கல்லாம் அங்க போய் என்னத்தைத்தான் பேசுறீங்க?" என்று அண்ணன் கேட்டார். "உங்களைப் பத்தி இல்ல, எங்களைப் பத்தி" என்றார் அண்ணி. அடுத்த வாரம் 'சும்மா பார்க்க' என்று சொல்லிக்கொண்டு கூடவே வந்தார்.

பேச்சு மட்டுமே போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு நிற்காது. வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு முறை நானும் மாமாவும் சேர்ந்து அண்ணனை அறையில் வைத்துப் பூட்டினோம். மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். அடித்துப் பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் குலை நடுங்குகிறது. அதனால் நிறுத்தும் கட்டம் மருத்துவர் மேற்பார்வையில்தான். தெரியாமல் உணவில் மருந்து கலந்து கொடுக்கும் வேலையும் வேண்டாம். டைசல்ஃபிரம் மாதிரி மருந்தை உள்ளே வைத்துக்கொண்டு, அது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மற்றபடி, குடி வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன், ஹெராயின் வகைப் போதைக்கான மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இவையெல்லாம் முறையான சிகிச்சைதான். "மருந்து சாப்பிடுறவன் எப்படித் திருந்தினவன் ஆவான்?" என்று கேட்பவர்களிடம் வாதாடுவதை நான் விட்டுவிட்டேன்.

இப்போது அந்தச் சறுக்கல். ஏழு மாதம் சுத்தமாக இருந்தவர், எட்டாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை குடித்துவிட்டு வந்தார். அம்மா அன்று, "எல்லாம் போச்சு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனும் அதையேதான் நினைத்திருக்கிறார். எப்படியும் போயிற்று, இனி என்ன என்று அடுத்த மூன்று வாரம் தொடர்ந்து குடித்தார். ஆலன் மார்லாட் என்ற ஆய்வாளர் விளக்கிய சிக்கல் இதுவே. ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக மாற்றுவது அந்த முதல் கிளாஸ் மட்டும் இல்லை, 'நான் அவ்வளவுதான்' என்ற முடிவும்தான். அடிமைத்தனத்திலிருந்து வெளியே வருபவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி விழுகிறார்கள் என்றும், ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளுக்கு நோய் மறுபடி தலைதூக்குவதும் ஏறக்குறைய இதே அளவில்தான் இருக்கிறது என்றும் 2000இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை கணக்குக் காட்டியது. ரத்த அழுத்தம் ஏறியவரைப் பார்த்து, "எல்லாம் போச்சு" என்று யாரும் தரையில் உட்காருவதில்லை.

ஆலோசகர் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் எங்கே இருந்தீர்கள், இரண்டு நாள் முன்னால் என்ன நடந்தது என்று துப்பறிவாளர் மாதிரி கேட்டுக்கொண்டே போனார். வெளியே வந்தது என்ன தெரியுமா? அந்த வெள்ளிக்கிழமை அவருக்குப் பதவி உயர்வு கிடைத்த நாள். துக்கம், சண்டை, பணக்கஷ்டம் என்று கெட்ட நாட்களுக்கெல்லாம் திட்டம் வைத்திருந்தோம். நல்ல நாளுக்கு யாரும் காவல் போடவில்லை. அதற்குப் பிறகு நல்ல செய்தி வந்தால் அண்ணன் முதலில் போன் செய்வது எனக்கு. அந்த அரை மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டே இருப்பது என் வேலை.

எந்த முறை சிறந்தது என்று தோழி கேட்டிருந்தார். 1997இல் முடிவு வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 1,726 பேருக்கு மூன்று விதமான சிகிச்சைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றுமே ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பலன் தந்தன. அதனால் முறையின் பெயரைவிட, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் உண்மையைச் சொல்ல வாய் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், அதில் தப்பே இல்லை. நூறு சதவீதம் குணப்படுத்திக் காட்டுகிறோம் என்று உத்தரவாதம் கொடுக்கும் இடத்துக்குள் காலை வைக்காதீர்கள். அடிக்கும் இடம், குடும்பத்தைப் பார்க்கவே விடாத இடம், அதுவும் வேண்டாம். அண்ணன் உள்ளே என்ன பேசினார் என்று நான் எத்தனையோ முறை துருவியும் எங்கள் ஆலோசகர் சொன்னதில்லை. அப்போது எரிச்சலாக இருந்தது. அண்ணன் அங்கே பேசியதற்கே அதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது.

எல்லா வீட்டிலும் இப்படியே முடியும் என்று சொல்ல மாட்டேன். அண்ணி ஒரு கட்டத்தில் பிரிந்துவிடலாமா என்று யோசித்தார். அதையும் அந்த அறையில்தான் பேசினார். சேர்ந்திருங்கள் என்று ஆலோசகர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அண்ணி இருந்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. அண்ணி இதற்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிறார்.

அம்மாதான் இன்னும் முழுதாக மாறவில்லை. அண்ணன் வர ராத்திரி கொஞ்சம் நேரமானால் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். முன்பெல்லாம் அண்ணனுக்கு இதில் கோபம் வரும், "இத்தனை நாள் ஆகியும் நம்பலையா?" என்று கத்துவார். இப்போது செருப்பைக் கழற்றும் முன்னால் அவரே குனிந்து, அம்மா கேட்காமலே, அவர் முகத்துக்கு நேராக "ஹா" என்று ஊதுகிறார். "சரி சரி, போய்க் கை கழுவு" என்கிறார் அம்மா.