வெள்ளைச் சட்டை

குரோம்பேட்டைல எங்க தெருமுனை புங்கமரத்தடில ஒரு அயர்ன் வண்டி நிக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஆனா என் வெள்ளைச் சட்டை அங்கதான். மறுநாள் சர்ச்சுக்கு, அதனால கரி ஒட்டிடப் போகுதுண்ணான்னு பக்கத்துலயே நின்னு நச்சரிப்பேன். ஒருநாள் அந்த அண்ணன் காலர்ல தண்ணி தெளிச்சிக்கிட்டே, நிமிர்ந்துகூட பாக்காம கேட்டாரு, "ஏன் சார், வாரா வாரம் போறீங்களே, அங்க போனா மனசு நெசமாவே லேசாவுதா?"

நான் சொன்ன பதில்: "அட, சின்ன வயசுலேர்ந்து ஒரு பழக்கம்ணா." காசக் குடுத்துட்டு வந்துட்டேன்.

மறுநாள் அதே சட்டையப் போட்டுட்டு சாட்சி நேரத்துல எழுந்து நின்னு கர்த்தர் எனக்கு எவ்ளோ சமாதானம் குடுத்திருக்காருன்னு அஞ்சு நிமிஷம் பேசினேன், எல்லாரும் அல்லேலூயா சொன்னாங்க. வெக்கமா இருக்கு இப்ப எழுதறப்போ.

மதம் மாத்த வர்றான்னு நெனைச்சிடுவாங்களோங்கற பயம் நம்ம எல்லாருக்கும் இருக்கு, இப்ப இருக்கற நிலைமைல அது சும்மா சாக்கும் இல்ல. ஆனா இங்க கேட்டது அவருதானே? பைபிள்ல 1 பேதுரு 3:15ல விசாரித்துக் கேட்கிறவங்களுக்கு உத்தரவு சொல்ல ஆயத்தமா இருங்க, அதுவும் சாந்தத்தோடன்னுதான் இருக்கு. நாம பண்றது அப்படியே தலைகீழ். கேக்காதவன் காதுல மைக் வெச்சு கத்துவோம், ஸ்டேஷன் வாசல்ல அவசரமா ஓடறவன் கைல கைப்பிரதிய திணிப்போம் (என் பைல ஒரு கட்டு ரெண்டு வருஷமா கெடக்கு, வெயில்ல ரப்பர் பேண்ட் உருகி பேப்பரோட ஒட்டிப்போச்சு), நின்னு ஒருத்தன் கேட்டா மட்டும் வாய் அடைச்சிக்கும். அப்போஸ்தலர் 8ல பிலிப்பு, வேதம் வாசிச்சிக்கிட்டே போன எத்தியோப்பிய மந்திரியோட ரதத்துகிட்ட ஓடினதும் பிரசங்கம் பண்ணல, வாசிக்கிறது புரியுதான்னு முதல்ல ஒரு கேள்விதான் கேட்டான். 1706ல தரங்கம்பாடில வந்து எறங்கின ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குகூட சின்னப் பசங்களோட உக்காந்து மணல்ல தமிழ் எழுத்து எழுதிப் பழகினவரு, தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சாகி வர 1715 ஆச்சு. அந்த மனுஷன் பாஷை தெரியாம வந்து கத்துக்கிட்டாரு. நான் இயேசுவோட சீஷன் தோமா வந்ததா சொல்ற பரங்கிமலைக்கு அஞ்சு ஸ்டேஷன் தள்ளி குடியிருந்துக்கிட்டு, தாய்பாஷைல கேட்ட ஒரு கேள்விக்கு ஆமாண்ணா லேசாவுது, எங்கம்மா போனப்போ அதான் என்னைத் தாங்குச்சுன்னு ஒரு வரி சொல்லல.

மூணு மாசம் கழிச்சு வண்டில வேற பையன். அண்ணன் செய்யாறு பக்கம் ஊருக்கே போயிட்டாராம், வீட்டுக்காரம்மாவுக்கு டயாலிசிஸ். எப்போலேர்ந்துப்பான்னு கேட்டேன். கணக்கு போட்டுப் பாத்தா அவர் என்கிட்ட கேட்ட அதே வாரம்.

போன்ல 'அயர்ன் அண்ணன்'னு நம்பர் இருந்துச்சு. ரெண்டு நாள் எடுக்கறதும் வெக்கறதுமா இருந்துட்டு நேத்து ராத்திரி போட்டேன். எடுத்தவுடனே பதறிட்டாரு, "சார், துணி எதுனா மாறிப்போச்சா?"

"இல்லண்ணா, அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்களே."



"என்ன கேட்டேன் சார்?"