குணத்தைக் கேட்கும் தாளில் அறிவுக்கு மார்க் கிடையாது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் இந்த 61 நாளில்தான் நம் கடற்கரையில் பிள்ளைகளை எந்தப் பள்ளியில், எந்தப் பிரிவில் சேர்ப்பது என்ற பேச்சும் வீட்டுக்கு வீடு நடக்கும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இந்தச் சமயத்தில் பெற்றோர் கைக்கு வந்து சேரும் ஒரு தாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. "ஆளுமை மதிப்பீட்டு அறிக்கை" என்று தலைப்புப் போட்டிருக்கும். "புதியவர்களிடம் எளிதாகப் பேசுவேன்", "எனக்கு அடிக்கடி கவலை வரும்" என்பது மாதிரி ஐம்பது அறுபது வாக்கியங்களுக்குப் பிள்ளை டிக் அடித்திருக்கும். கடைசிப் பக்கத்தில் "பகுத்தாயும் திறன் அதிகம், அறிவியல் பிரிவுக்கு ஏற்றவர்" என்றோ, "கிரகிக்கும் வேகம் குறைவு, தொழிற்கல்வி நல்லது" என்றோ முடிவும் எழுதியிருக்கும்.

அந்த முடிவை எழுதும் தகுதி அந்தக் கேள்வித்தாளுக்கு இல்லை. குணத்துக்கும் அறிவுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொடர்பு இருக்கிறது, நூறு வருடமாக அளந்தும் வருகிறார்கள். ஆனால் ஒரு தனிப் பிள்ளையை எடைபோடும் அளவுக்கு அதற்குக் கனம் கிடையாது. நம் கடற்கரையில் இந்தத் தாளை அப்படியே கொடுத்தால், இருக்கிற கொஞ்சநஞ்சத் தொடர்பும் கோணிப்போகும்.

முதலில் கணக்கு. ஆளுமையை ஐந்து பெரிய குணங்களாகப் பிரித்து அளப்பதுதான் இன்று ஆய்வாளர்கள் அதிகம் கையாளும் முறை: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம். 1997-ல் அக்கர்மேன், ஹெக்கெஸ்டாட் என்ற உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது பொது அறிவுத்திறனோடு புதுமை நாட்டத்துக்கு 0.33 என்ற ஒட்டுறவுக் கெழு கிடைத்தது. இரண்டு விஷயம் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண் இது: 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு, மைனஸ் என்றால் ஒன்று ஏற மற்றது இறங்கும். 2022-ல் ஆங்லிமும் அவரோடு சேர்ந்தவர்களும் 272 ஆய்வுகள், 1,62,636 பேர் என்று பெரிதாகத் தொகுத்தார்கள். அதில் இந்த எண் 0.20 ஆக இறங்கியது. மனப்பதற்றத்துக்கு மைனஸ் 0.09. மற்ற மூன்று குணங்களும் பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றன.

0.20 என்றால் நடைமுறையில் என்ன? ஐக்யூ சோதனையில் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவி நிற்கும் அளவு) 15. புதுமை நாட்டத்தில் நூற்றுக்கு 84 பேரைத் தாண்டி, அதாவது சராசரிக்கு ஒரு திட்ட விலக்கம் மேலே நிற்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் இது "மிக அதிகம்" என்று பச்சை நிறத்தில் வரும். அந்தப் பிள்ளைக்கு நாம் எதிர்பார்க்கக்கூடிய ஐக்யூ 103. வெறும் 3 புள்ளி கூடுதல். அதுவும் சராசரிக் கணிப்புதான். 100-க்கு 95 தடவை உண்மையான மதிப்பு ஏறக்குறைய 74-க்கும் 132-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். கேள்வித்தாளே கொடுக்காமல், முகம் தெரியாத ஒரு பிள்ளைக்குக் கணித்தால் 71 முதல் 129 வரை என்று சொல்லியிருப்போம். ஐம்பது கேள்வி கேட்டும், கட்டணம் வாங்கியும், நம் அறியாமை சுருங்கியது இவ்வளவுதான். இதை எந்தப் பெற்றோரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்: 15-ஐ 0.20-ஆல் பெருக்கினால் 3. நல்ல முறையில் நடத்திய ஐக்யூ சோதனைக்கே அளவுப் பிழை ஏறக்குறைய 5 புள்ளி உண்டு. அந்தப் பிழையை விடச் சின்ன விஷயம் இந்த 3.

அந்த 0.20-ம் அளவுப் பிழையைக் கழித்துத் திருத்திய எண். பத்தே கேள்வியில் ஐந்து குணத்தையும் அளக்கும் குட்டித் தாள்கள் இருக்கின்றன, ஒரு குணத்துக்கு இரண்டே கேள்வி. அப்படிப்பட்ட தாளின் நம்பகத்தன்மை (திரும்ப அளந்தாலும் அதே விடை வரும் அளவு, 1 என்றால் முழுமை) 0.60, ஐக்யூ சோதனையின் நம்பகத்தன்மை 0.85 என்று வைத்தால், நம் கையில் கிடைக்கிற தொடர்பு 0.14-தான்.

புதுமை நாட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் குணத்துக்குள் பல கிளைகள்: கலை ரசனை, கற்பனை, உணர்ச்சிகளைக் கவனித்தல், புதிய கருத்துகளில் ஆர்வம். கருத்துகளோடு மல்லுக்கட்டும் ஆர்வம்தான் அறிவுச் சோதனையோடு அதிகம் ஒட்டுகிறது. கலை ரசனை அவ்வளவு ஒட்டுவதில்லை. அதோடு, சொல்வளம், பொது அறிவு மாதிரி படித்துச் சேர்த்த அறிவோடு இருக்கும் தொடர்பு, புதுப் புதிரை அந்த இடத்திலேயே அவிழ்க்கும் திறனோடு இருப்பதை விடக் கூடுதல். ஆர்வமுள்ள பிள்ளை அதிகம் படிக்கும், படித்தது சேரும், சேர்ந்தது சோதனையில் தெரியும் என்பது ஒரு நியாயமான விளக்கம். ஆனால் படிக்க ஏதாவது கைக்கு எட்ட வேண்டுமே. நூலகத்துக்குப் போக பஸ் ஏற வேண்டிய கிராமத்தில், ஆர்வம் எவ்வளவு இருந்தாலும் அது சொல்வளமாக மாறும் வழி குறுகல். அந்தப் பிள்ளையின் ஆர்வம் வேறு இடத்தில் சேர்ந்திருக்கும். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மாதம் என்ன மீன் நிற்கும், கச்சான் காற்றடித்தால் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், பாசி எங்கே எப்போது வளரும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படியாக இருக்கும். "ஓவியக் கண்காட்சிக்குப் போக விரும்புவேன்" என்று கேட்கும் தாளுக்கு இது எதுவும் தெரியாது.

பொறுப்புணர்வு பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. நேரத்துக்கு வேலையை முடிக்கிற பிள்ளை புத்திசாலி, நோட்டைத் தொலைக்கிற பிள்ளை மந்தம் என்று. அறிவுச் சோதனையோடு பொறுப்புணர்வுக்கு ஒட்டுறவு ஏறக்குறைய இல்லை. ஆனால் பள்ளி, கல்லூரி மதிப்பெண்ணோடு உண்டு. 2009-ல் போரோபாட் தொகுத்த ஆய்வில் அது 0.22 அளவில் இருந்தது, அதுவும் பெரும்பாலும் அறிவுத்திறனைச் சாராமல். மார்க் வாங்க இரண்டு தனித்தனி வழி இருக்கிறது என்று அர்த்தம். இதிலிருந்து ஒரு குழப்பமும் பிறக்கும். நுழைவுத் தேர்வில் வடிகட்டிய வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கூர்மையால் நுழைந்தவர்களும் இருப்பார்கள், உழைப்பால் நுழைந்தவர்களும் இருப்பார்கள், இரண்டும் குறைந்தவர்கள் வெளியே நின்றிருப்பார்கள். அந்த வகுப்புக்குள் மட்டும் அளந்தால் "உழைக்கிறவனுக்குக் கூர்மை குறைவு" என்று ஒரு பொய்த் தொடர்பு தெரியும். வடிகட்டி உண்டாக்கிய தோற்றம் அது. கோச்சிங் வகுப்பில் எடுத்த கணக்கை ஊருக்கே பொருத்தினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

இனி நம் ஊருக்கு மிக முக்கியமானது: எதற்கும் "ஆம்" போடும் பழக்கம். கேள்வி சரியாகப் புரியாதபோது, அல்லது பெரியவர் எதிரில் நின்று கேட்கும்போது, மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்டுப் பிள்ளைகள் "ஆம்" பக்கமே சாய்வார்கள். இது மரியாதை, குற்றமில்லை. ஆனால் கணக்கைக் கெடுத்துவிடும். 1 (இல்லவே இல்லை) முதல் 5 (முழுக்க ஆம்) வரை மதிப்பிடும் தாளில் ஒரு பிள்ளை எல்லாக் கேள்விக்கும் 4 போடுகிறது என்று வைப்போம். ஒரு குணத்துக்கு 8 கேள்வி, எட்டும் ஒரே திசையில் இருந்தால், அதாவது எல்லாவற்றிலும் "ஆம்" என்றால் அந்தக் குணம் அதிகம் என்று அர்த்தமானால், சராசரி 4.0, அறிக்கையில் "அதிகம்". நான்கு கேள்வி நேராகவும் நான்கு எதிர்த்திசையிலும் ("ஆம்" என்றால் குணம் குறைவு) இருந்தால், எதிர்த்திசைக் கேள்விகளை 6-லிருந்து கழிப்போம், 4 என்பது 2 ஆகும், மொத்தச் சராசரி 3.0, அதாவது "நடுத்தரம்". அதே பிள்ளை, அதே டிக். தாளை அமைத்த விதத்தில் குணமே மாறிப்போகிறது.

இது அறிவுச் சோதனையோடு சேரும்போதுதான் ஆபத்து. வாசிப்பில் தடுமாறும் பிள்ளை "ஆம்" அதிகம் போடும். அதே தடுமாற்றத்தால் எழுத்து வழி அறிவுச் சோதனையிலும் குறைவாக வாங்கும். மனப்பதற்றக் கேள்விகள் எல்லாம் ஒரே திசையில் இருந்தால் அந்தப் பிள்ளை "பதற்றம் அதிகம், அறிவு குறைவு" என்று பதிவாகும். உண்மையில் மைனஸ் 0.09 ஆக இருக்க வேண்டிய தொடர்பு ஊதிப் பெருக்கும். புதுமை நாட்டக் கேள்விகள் எல்லாம் ஒரே திசையில் இருந்தாலோ தலைகீழ்: வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குப் புதுமை நாட்டம் கூடித் தெரியும், இருக்கிற உண்மைத் தொடர்பு மறைந்துபோகும். இரண்டு இடத்திலும் நாம் அளந்தது வாசிப்பை. குணமும் அறிவும் அதற்குள் அகப்படவே இல்லை.

இது என் ஊகம் மட்டுமல்ல. 2019-ல் லஜாஜும் குழுவினரும் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் எடுத்த ஆளுமைத் தரவுகளைச் சோதித்தார்கள். நேரில் கேட்டு நிரப்பிய சர்வேக்களில் இந்த ஐந்து குணக் கேள்விகள், தாம் அளக்க வேண்டியதைப் பெரும்பாலும் அளக்கவில்லை என்று கண்டார்கள். இணையத்தில் தாமாக வந்து நிரப்பியவர்களிடம் அவ்வளவு கெடவில்லை. படித்து, போனில் பழகி, சொந்த ஆர்வத்தில் நிரப்புகிறவருக்கும், வகுப்பறையில் சார் வாசிக்கக் கேட்டு நிரப்பும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் உள்ள தூரம் அது.

மனப்பதற்றத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில், அப்பா இன்னும் கரை சேராத வீட்டுப் பிள்ளையிடம் "எனக்கு அடிக்கடி கவலை வரும்" என்ற வாக்கியத்தை நீட்டினால் அது 5 தான் போடும். கடலுக்குப் போனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப்போன வாரத்திலும் அப்படித்தான். அது நிலைமை பேசுவது. குணம் என்று எழுதிவைத்தால் அநியாயம். அதே நாளில் அறிவுச் சோதனையும் வைத்தால் பயத்திலேயே சில புள்ளி போகும், இரண்டும் சேர்ந்து ஒரு தொடர்பு மாதிரித் தோன்றும். சோதனை நடத்தும் நாள், நேரம், தூக்கம் எல்லாம் கணக்கில் வர வேண்டும். 1976-ல் ரெவெல் குழுவினர் காபியிலுள்ள காஃபினையும் நேர நெருக்கடியையும் சேர்த்துச் சோதித்தபோது, அமைதியானவர்களின் மதிப்பெண் இறங்கியது, கலகலப்பானவர்களின் மதிப்பெண் ஏறியது. பிறகு அதே குழு, நாளின் எந்த வேளையில் சோதிக்கிறோம் என்பதும் முடிவைப் புரட்டுகிறது என்று காட்டியது. விடியுமுன்னே எழுந்து கரையில் மீன் பிரித்துவிட்டு வந்த பிள்ளைக்குக் காலை பத்து மணி என்பது அரை நாள் கழிந்த நேரம்.

அறிவுத்திறனை அளக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கான கருவியால் அளக்க வேண்டும். மொழி தேவைப்படாத ரேவன் சோதனை 1938-லிருந்து இருக்கிறது: 12 படம் கொண்ட 5 தொகுதி, மொத்தம் 60 புதிர். எழுத்தறியாதவர்களையும் மனதில் வைத்து நம் நாட்டிலேயே பாட்டியா 1955-ல் வெளியிட்ட செயல்வழிச் சோதனைத் தொகுப்பில் கட்டைகளை அடுக்குவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது என்று ஐந்து வேலைகள். மாலின் தயாரித்த, இந்தியக் குழந்தைகளுக்கான நுண்ணறிவு அளவுகோலும் இருக்கிறது. இவற்றிலும் குறை உண்டு. பழைய சராசரிப் பட்டியலோடு ஒப்பிட்டால் மதிப்பெண் ஊதித் தெரியும், ஏனென்றால் பல நாடுகளில் தலைமுறை தோறும் சராசரி ஏறியிருக்கிறது, பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி என்று ஃப்ளின் காட்டினார். ஆனாலும் இவற்றில் சரி, தவறு என்று விடை இருக்கிறது, பிள்ளை செய்து காட்ட வேண்டும். ஆளுமைத் தாளில் பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்கிறது, அவ்வளவே. கேட்டெல் தயாரித்த பதினாறு காரணி ஆளுமைக் கேள்வித்தாளில் மட்டும் "பகுத்தறிவு" என்று ஒரு பகுதி இருக்கும். அதில் உள்ளவை விடை உள்ள நிஜப் புதிர்கள், அதனால் அது வேறு கதை. விரல் ரேகையைப் பார்த்து அறிவைச் சொல்லும் அறிக்கைக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. அதைப் பற்றிப் பேச இதற்கு மேல் ஒன்றுமில்லை.

உங்கள் பிள்ளையின் அறிக்கை கையில் இருந்தால், கடைசிப் பக்கத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளை டிக் அடித்த மூலத்தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்த அறிக்கையை நம்ப வேண்டாம். ஒரு குணத்துக்கு எத்தனை கேள்வி என்று எண்ணுங்கள், எட்டுக்குக் கீழே என்றால் எனக்குத் திருப்தி வராது. பிறகு எதிரெதிர்ப் பொருள் உள்ள கேள்விகளை ஜோடி சேருங்கள்: "நான் நிறையப் பேசுவேன்", "நான் பெரும்பாலும் அமைதியாக இருப்பேன்" மாதிரி. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு மதிப்பெண்ணைக் கூட்டினால் 6-ஐ ஒட்டி வர வேண்டும். ஐந்து ஜோடியில் நான்கில் 8-ம் அதற்கு மேலும் வந்தால் பிள்ளை "ஆம்" பக்கம் சாய்ந்திருக்கிறது, அந்தத் தாள் செல்லாது. ஜோடியே கிடைக்கவில்லை என்றால் தாளை அமைத்தவர் இந்தச் சிக்கலை யோசிக்கவே இல்லை. "அதிகம், குறைவு" என்பது யாரோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள்: எந்த நாடு, எந்த வயது, எந்த வருடம். ஐக்யூ எண் கொடுத்திருந்தால் பிழை வரம்போடு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 104 என்று மட்டும் எழுதுவது அரைகுறை, 95 முதல் 113 வரை என்று சேர்த்து எழுதுவதே சரி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தாளை வகுப்பில் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வரிசைகளுக்கு நடுவே நடந்து எட்டிப் பார்க்காதீர்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் எல்லாரும் "வேலையை ஒழுங்காக முடிப்பேன்" என்பதற்கு 5 போடுவார்கள். வகுப்பே ஒரே மதிப்பெண்ணில் நின்றால் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது.

படிப்பில் பின்தங்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தத் தாள்களுக்குக் கொடுக்கும் பணத்தையும் நாளையும் மிச்சப்படுத்துங்கள். எழுத்துகளைத் திருப்பித் திருப்பிப் போடுவது, வாசிப்பில் மட்டும் திணறுவது கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, தேர்வில் சலுகையும் உண்டு. அதற்கு அறிவுத்திறன் சோதனையும் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனையும் தேவை, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் நேரில் இருந்து நடத்த வேண்டும். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் முதலில் விசாரியுங்கள். போகும்போது பிள்ளையின் பழைய நோட்டுகளை, திருத்திய பரீட்சைத் தாள்களோடு சேர்த்து எடுத்துப்போங்கள். கண்ணையும் காதையும் அதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையை எந்தச் சோதனையில் உட்கார வைத்தாலும் குறைவாகத்தான் வாங்கும்.