சாலைக்குப் படம் இருக்கிறது, கன்னி வாய்க்காலுக்கு இல்லை

கல்லணையில் புறப்பட்டுப் பூம்புகார் வரை போகும் மாநில நெடுஞ்சாலை 22-இல் ஒருமுறையாவது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். பல இடங்களில் காவிரியும் கூடவே வரும். சாலை ஏன் இப்படி வளைகிறது என்று எட்டிப் பார்த்தால் அங்கே ஆறோ வாய்க்காலோ வளைந்திருக்கும். டெல்டாவில் மேடு என்றால் கரைதான், மற்றதெல்லாம் வயல். கால் நனையாமல் நடக்கவும் வண்டி ஓட்டவும் கரையை விட்டால் வேறு வழி இல்லை. இப்பகுதியில் எத்தனையோ சாலைகள் அப்படிக் கரையோடு ஒட்டிப் பிறந்தவை.

இப்போது வளைவுகளை நிமிர்த்துகிறார்கள், ஊர்களைச் சுற்றிப் புறவழிச் சாலை போடுகிறார்கள். நிமிர்ந்த சாலை கரையில் போக முடியாது, வயலில்தான் இறங்க வேண்டும். நான் சாலை வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. தை மாதத்தில் நெல் லாரியும் அறுவடை இயந்திரமும் எதிரெதிரே வந்து, பின்னால் 108 வண்டி அலறிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சாலை வரட்டும். அது போகும் தடத்தை முடிவு செய்யும்போது தண்ணீரை யார் கேட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

என்ன சொல்கிறேன் என்று புரிய, எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பெரிய வாய்க்காலிலிருந்து பிரிந்து வயலுக்குள் தண்ணீர் கொண்டுபோகும் சிறு வாய்க்காலைக் கன்னி வாய்க்கால் என்போம். எங்கள் பெரியப்பாவுக்கு அப்படி ஒரு கன்னி வாய்க்காலின் கடைசியில் ஒன்பது மா நிலம் இருக்கிறது. மூன்று ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவே போகும் சாலையை அகலப்படுத்தி, இடுப்பளவு உயரத்துக்கு மண் ஏற்றினார்கள். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் ஒரு சிமெண்ட் குழாய் வைத்தார்கள். வேலை நடந்தது கோடையில். வாய்க்கால் காய்ந்து கிடந்ததால் யாரும் கவனிக்கவில்லை. மேட்டூர் திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்து, முறை வைத்து எங்கள் வாய்க்காலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. குழாய்க்கு முன்னால் தண்ணீர் வந்து நின்றுவிட்டது. நுரையும் வைக்கோல் துணுக்கும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. சாலையைத் தாண்டி மறுபக்கம் போய்ப் பார்த்தால், குழாயின் வாயில் ஒரு ஓணான் வெயில் காய்கிறது.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வாய்க்காலின் அடியில் கையை வைத்து, அங்கிருந்து குழாயின் கீழ் விளிம்பு வரை விரித்து அளந்தார். ஒரு சாணுக்கு மேல் இரண்டு விரற்கடை. அவ்வளவு உயரம் தண்ணீர் ஏறினால்தான் அந்தப் பக்கம் போகும். டெல்டா நிலத்தின் சரிவு உங்களுக்குத் தெரியும். தாம்பாளத்தில் ஊற்றியதுபோல் தண்ணீர் பரவும் நிலம் இது. இங்கே ஒரு சாண் என்பது மலை. அவ்வளவு ஏறுவதற்குள் மேலே இருக்கும் பத்து வயல்களின் நாற்று முழுகிவிடும்.

வேலையை மேற்பார்த்த இளைஞரைத் தேடிப் பிடித்தோம். மரியாதையான பிள்ளை. "ஐயா, படத்தில் இந்த இடத்தில் வாய்க்காலே இல்லை. நானாகப் பார்த்துத்தான் ஒரு குழாயாவது போட்டுக் கொடுத்தேன்" என்றார். "படத்தில் இல்லாவிட்டால் என்ன தம்பி, தண்ணீர் படத்தைப் பார்த்தா வருகிறது?" என்று கேட்டார் பெரியப்பா. அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியப்பாவுக்கு அந்த வருடம் குறுவை இல்லை. ஐப்பசி மழையில் நிலைமை தலைகீழாயிற்று. மேல்வயல்களின் வெள்ளம் அந்த ஒற்றைக் குழாய் வழியாக வடியாமல் எட்டு நாள் நின்று, சம்பா நடவு அழுகியது. கோடையில் வைத்த ஒரு குழாய், கீழே இருப்பவரையும் கெடுத்தது, மேலே இருப்பவர்களையும் கெடுத்தது.

அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நிலங்களின் எல்லையைக் காட்டும் அரசின் அளவைப் படமான புலப்படத்தை வாங்கிப் பார்த்தேன். பெரிய வாய்க்கால்கள் புறம்போக்காகத் தனிப் புல எண்ணோடு இருக்கின்றன. பட்டா நிலத்துக்குள் ஓடும் எங்கள் கன்னி வாய்க்கால் அதில் இல்லை. தாத்தா காலத்திலிருந்து ஒருவர் வயல் வழியாக இன்னொருவர் வயலுக்குத் தண்ணீர் போவது வாய்ப்பேச்சில் நிற்கும் ஏற்பாடு. காகிதத்தை மட்டும் பார்த்துச் சாலை வரைகிறவருக்கு அங்கே வெறும் வயல்தான் தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் 10, 12 கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம். பெயருள்ள ஆறுகளுக்கு ஒழுங்காகப் பாலம் கட்டுகிறார்கள், குறை சொல்ல மாட்டேன். பெயரில்லாத வாய்க்கால்கள்தான் அந்த ஆற்றுத் தண்ணீரை வயலில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அவற்றை மண்ணைப் போட்டு மூடிவிட்டால் ஆற்றுக்குப் பாலம் கட்டி என்ன பயன்?

சட்டத்தில் பாதுகாப்பு இருக்குமே என்று நினைத்தேன். படித்துப் பார்த்தபோது மனம் கனத்துவிட்டது. 2013-இன் நிலம் கையகப்படுத்தல் சட்டம், பாசன வசதியுள்ள பல போக நிலத்தை வேறு வழியே இல்லை என்றால்தான் எடுக்கலாம் என்கிறது. அதே பிரிவின் கடைசியில், ரயில் பாதை, நெடுஞ்சாலை, மின்பாதை போல நீளவாக்கில் போகும் திட்டங்களுக்கு இது பொருந்தாது என்றும் இருக்கிறது. 2020-இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தபோது நாங்கள் ஊரில் இனிப்பு வழங்கினோம். எண்ணெய்க் கிணறும் உருக்காலையும் புதிதாக வராமல் தடுக்கும் நல்ல சட்டம் அது. அரசின் சாலைத் திட்டங்களை அதுவும் தொடாது. நெல் வயலைக் காப்பதற்கென்று எழுதிய இரண்டு சட்டங்களிலும் சாலைக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

மாநில நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 2001-இன் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின்கீழ். இழப்பீட்டுக்கு 2013 சட்டத்தின் கணக்கு வந்துவிட்டது. ஆனால் திட்டத்தால் யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று ஊராரையும் கேட்டு ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீடு என்ற அத்தியாயம் இதற்கு இல்லை. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விலக்கு செல்லாது என்றது. மாநில அரசு புதுச் சட்டம் இயற்றி அதை மீட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. சட்டப்படி விஷயம் முடிந்துவிட்டது.

இதில் எங்கள் பெரியப்பா எங்கே வருகிறார் என்று பாருங்கள். சாலைக்கு அவர் ஒரு சென்ட் நிலமும் கொடுக்கவில்லை. அதனால் அவர் பெயருக்கு நோட்டீஸ் வராது, ஆட்சேபம் கேட்க மாட்டார்கள், இழப்பீட்டுப் பட்டியலிலும் இருக்க மாட்டார். நிலம் போனவருக்காவது வழக்குப் போட ஒரு காகிதம் கையில் இருக்கிறது. தண்ணீர் போனவருக்கு எதுவும் இல்லை. கடைமடைக்காரர் எழுந்து நின்று "என் வாய்க்கால் என்ன ஆகும்?" என்று கேட்பதற்கு இருந்த ஒரே இடம் அந்தத் தாக்க மதிப்பீடு. எனக்கு இந்தச் சாலை விவகாரத்தில் தீராத ஆற்றாமை என்றால் அது இதுதான்.

2022-இல் திருவையாறு புறவழிச் சாலைக்காகக் கண்டியூர்ப் பக்கம் பயிர் நின்ற வயலிலேயே மண்ணைக் கொட்டியதையும், விவசாயிகள் இறங்கி மறித்ததையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பயிர்மேல் செம்மண் விழுவதைப் பார்த்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பணம் கொடுத்துவிட்டோம், நிலம் எங்களுடையது என்பது காகிதத்தில் சரியாக இருக்கலாம். நட்ட பயிரை அறுக்கும்வரை பொறுக்கக் கூடாதா? வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். அறுவடை முடிந்த மாசியிலிருந்து வைகாசி வரை வயல் சும்மாதான் கிடக்கிறது. மண் ஏற்றும் வேலையை அந்த மாதங்களில் செய்யட்டும்.

ஆனால் அளக்கும் வேலையைக் கோடையில் செய்யக் கூடாது. தடம் குறிக்க வருகிறவர்கள் தண்ணீர் ஓடும்போது வர வேண்டும். ஆவணியிலோ ஐப்பசியிலோ, ஊரில் நீர் பாய்ச்சும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, வரப்பில் நடந்து, எந்த வாய்க்கால் எங்கே தாண்டுகிறது, பாசனமா வடிகாலா, அடிமட்டம் எவ்வளவு என்று எழுத வேண்டும். ஒவ்வொரு குழாயின் கீழ் விளிம்பும் வாய்க்காலின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே உட்கார வேண்டும். வடிகாலுக்குக் குழாய் போதாது, சிறுபாலமே வேண்டும். அந்தப் படத்தை மண் விழுவதற்கு முன் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, ஒரு அரசாணை போதும். சாலையின் செலவில் இது எவ்வளவு பெரிய தொகையாகிவிடும்?

எங்கள் ஊருக்குக் கிழக்கே அடுத்த சாலைக்கு இப்போது கல் நட்டுச் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். இந்த முறை நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. பெரியப்பாவும் இன்னும் நான்கு பேரும் ஒரு மாதமாகக் காலையில் வயலைச் சுற்றுகிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, கிராம வரைபடத்தின் நகலில் நீல மையால் வாய்க்கால்களை நான் வரைகிறேன். நேற்று வரை முப்பத்தொன்று. அரசு காகிதத்தில் இருப்பவை அவற்றில் ஏழு. மே 1 கிராம சபையில் இந்தப் படத்தை வைத்துத் தீர்மானம் கேட்கப் போகிறோம். பக்கத்து ஊர்க்காரர்கள் உங்கள் வாய்க்கால்களையும் வரைந்து எடுத்து வாருங்கள். நகல் எடுக்கும் செலவு என்னுடையது.