ரீகால்: இங்கிலாந்துச் சிறைகளுக்கு ஆள் திரும்பும் வழி

சிறையில் இடம் இல்லை என்று இங்கிலாந்து அரசு 2024 செப்டம்பர் 10 முதல் பல கைதிகளைத் தண்டனையில் 40 சதவீதம் கழிந்ததுமே வெளியே விட்டது. அதற்கு முன்பு 50 சதவீதம். முதல் நாளே சுமார் 1,700 பேர் வந்தார்கள். விட்டது சரிதான். ஆனால் வந்தவர்களைத் தாங்கிப் பிடிக்க வெளியே ஆள் இல்லாமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

வெளியே வருபவர் மீதிக் காலம் முழுக்க லைசென்ஸ் எனப்படும் கண்காணிப்பு நிபந்தனைகளில் இருக்கிறார். அன்றைக்கோ மறுநாளோ நன்னடத்தை அலுவலர் முன்னால் நிற்க வேண்டும். கையில் சொற்பப் பணம்தான் இருக்கும். வீடில்லையென்றால் கவுன்சிலுக்கு ஓட வேண்டும், ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன் எடுப்பவர் கிளினிக்குக்கு, உதவித்தொகைக்கு ஜாப் சென்டருக்கு. அந்தப் பணம் வர 5 வாரம் ஆகும். இதெல்லாம் வெள்ளிக்கிழமை விடுதலையானால் மதியத்துக்குள் முடியாது, திங்கள்வரை தெருதான். சில கைதிகளை 2 வேலை நாள் முன்னதாகவே விட 2023-இல் சட்டம் கொண்டுவந்தது இதனால்தான்.

சந்திப்புகளுக்கு வராமல் போனால் முதலில் எச்சரிக்கை, அப்புறம் ரீகால், அதாவது மறுபடி சிறை. இதற்கு நீதிமன்ற விசாரணை கிடையாது. போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும். 2025-இல் சிறு தண்டனைக்காரருக்கு அது வழக்கமாக 14 நாள். போதைப்பழக்கத்தை மாற்ற 14 நாளில் சிறையில் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கிடைத்த அறையும் வேலையும் போக அது தாராளமாகப் போதும். 2025-இல் ரீகாலில் உள்ளே இருந்தவர்கள் மட்டும் 13,000-க்கு மேல்!

12 மாதத்துக்குக் குறைந்த தண்டனை பெற்ற பெரியவர்களுக்கு முன்பு வெளியே கண்காணிப்பே கிடையாது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களையும் ஓராண்டுக் கண்காணிப்பில் சேர்த்தது, கூடவே ரீகாலையும் தலையில் கட்டியது. அதே ஆண்டு நன்னடத்தைத் துறையைப் பிளந்து, ஆபத்து குறைவு அல்லது நடுத்தரம் எனப்பட்டவர்களை 21 கம்பெனிகளிடம் கொடுத்தார்கள்; 2015-இல் அவை தனியார் கைக்குப் போயின. 2021 ஜூனில் எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தார்கள். கட்டடத்தையும் கோப்பையும் மாற்றிவிடலாம், போன அனுபவசாலிகளைக் கூப்பிட்டால் வருவார்களா? புதியவர் ஒருவர் பயிற்சி முடிக்கவே 15 மாதமோ 21 மாதமோ ஆகிறது. ஃபைல் குவிந்து கிடக்கும் அலுவலரால் வராதவரைத் தேடிப் போய்ப் பேச முடியாது. ரீகால் படிவத்தைத்தான் நிரப்ப முடியும்.

புதுச் சிறை கட்ட ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை நன்னடத்தை அலுவலர்களைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் கொடுங்கள். புதுக் குற்றம் செய்யாமல் வெறும் சந்திப்பைத் தவறவிட்டவரை உள்ளே தள்ளும் முன், அவருக்குத் தங்க இடம் இருக்கிறதா என்று ஒருவராவது நேரில் போய்ப் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள்.